வரப்போரத்து நெல்: சிறு நிலம், பெரு நிலம், ஒரு புள்ளியியல் வழக்கு

1962 பிப்ரவரியில் 'எகனாமிக் வீக்லி' இதழின் ஆண்டு மலரில் அமர்த்தியா சென் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு 28 வயது. 1950களின் நடுவில் மத்திய அரசு பல மாநிலங்களில் நடத்திய பண்ணை மேலாண்மை ஆய்வுகளின் எண்களிலிருந்து மூன்று செய்திகளை அவர் எடுத்து வைத்தார். வீட்டார் உழைப்புக்கும் ஊரில் நடக்கும் கூலியைப் போட்டுக் கணக்கிட்டால் இந்திய வேளாண்மையில் பெரும்பகுதி நட்டத்தில் ஓடுவதாகத் தெரிகிறது. நிலத்தின் அளவு கூடக்கூட லாபம் கூடுகிறது. நிலத்தின் அளவு கூடக்கூட ஏக்கருக்குக் கிடைக்கும் விளைச்சலின் மதிப்பு குறைகிறது.

இரண்டாவது செய்தியையும் மூன்றாவது செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லாபத்தை அளவுகோலாக எடுத்தால் பெரிய விவசாயி முந்துகிறார். ஏக்கர் விளைச்சலை எடுத்தால் சிறிய விவசாயி முந்துகிறார். தரவு ஒன்றுதான், விவசாயிகளும் அவர்களேதான். எந்தக் குழு திறமையானது என்ற கேள்விக்கு விடை மட்டும் தலைகீழாகிறது.

அந்தப் பண்ணை மேலாண்மை ஆய்வுகளில் ஒன்று அன்றைய சென்னை மாநிலத்தின் சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்களில் நடந்தது. நிலச் சீர்திருத்தம் நாடெங்கும் பேச்சாக இருந்த காலம் அது. சென்னை மாநில நில உச்சவரம்புச் சட்டம் 1961இல் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரம்பு வைத்தது; 1970இல் அது 15 ஆனது. பெரிய நிலத்தைப் பிரித்துக் கொடுத்தால் நாட்டின் விளைச்சல் குறையுமா, கூடுமா என்பது சட்டமன்றங்களில் எழுந்த கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வந்த கருவிகளில் ஒன்று புள்ளியியல் சோதனை. இரண்டு குழுக்களின் உற்பத்தித் திறனை ஒப்பிடும் சோதனைகள் எப்படி வேலை செய்கின்றன, எங்கே ஏமாற்றுகின்றன என்பதைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை. அறுபது ஆண்டுகள் கழிந்தும் அது முடியவில்லை.

முதலில் சோதனை என்ன செய்கிறது என்று பார்ப்போம். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. ஓர் ஊரில் ஐந்து சிறு விவசாயிகள். ஏக்கருக்கு அவர்கள் எடுத்த நெல் 24, 26, 27, 29, 31 மூட்டை. ஐந்து பெரிய விவசாயிகள். அவர்கள் எடுத்தது 20, 22, 23, 25, 28 மூட்டை. சராசரிகள் 27.4, 23.6. வித்தியாசம் 3.8 மூட்டை. இது நிலத்தின் அளவால் வந்த வித்தியாசமா, அல்லது எந்தப் பத்துப் பேரை இரண்டாகப் பிரித்தாலும் தற்செயலாக வரக்கூடியதா?

இதற்கு இரண்டு பழைய வழிகள் உண்டு. முதல் வழி, டப்ளின் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட் 1908இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டதிலிருந்து வந்த டி சோதனை. சராசரிகளின் வித்தியாசத்தை, குழுக்களுக்குள் இருக்கும் சிதறலிலிருந்து கணக்கிட்ட பிழை அளவால் வகுக்கிறது. நம் கணக்கில் 3.8ஐ 1.82ஆல் வகுத்தால் டி மதிப்பு 2.09. இரண்டாவது வழி, ஃபிராங்க் வில்காக்சன் 1945இலும் மான், விட்னி இருவரும் 1947இலும் தந்த தரவரிசைச் சோதனை. பத்துப் பேரையும் குறைந்த விளைச்சலிலிருந்து வரிசைப்படுத்தி 1 முதல் 10 வரை இடம் கொடுங்கள். சிறு விவசாயிகளின் இடங்கள் 4, 6, 7, 9, 10, கூட்டினால் 36. நிலத்தின் அளவுக்கு எந்தப் பங்கும் இல்லையென்றால், பத்து இடங்களில் எந்த ஐந்தும் சிறு விவசாயிகளுக்குச் சமவாய்ப்போடு கிடைத்திருக்கலாம். அப்படித் தேர்ந்தெடுக்க 252 வழிகள் உண்டு. அவற்றில் கூட்டுத்தொகை 36 அல்லது அதற்கு மேல் வருவது 12 வழிகளில் மட்டுமே. 252இல் 12 என்பது 4.8 விழுக்காடு.

சிறு நிலம்தான் மேல் என்று எண்களைப் பார்ப்பதற்கு முன்பே தீர்மானித்து, அதை மட்டுமே சோதித்தால், வழக்கமான 5 விழுக்காட்டு வரம்புக்குள் இது நுழைந்துவிடும். இரு பக்கத்தில் எதுவும் மேலாக இருக்கலாம் என்று திறந்த மனதோடு கேட்டிருந்தால் அதே எண் 9.5 விழுக்காடாகி வரம்புக்கு வெளியே நிற்கும். கேள்வியை எப்போது, எப்படிக் கேட்டோம் என்பது விடைக்குள்ளேயே இருக்கிறது. எண்களைப் பார்த்துவிட்டுப் பிறகு ஒருபக்கக் கேள்விக்கு மாறுவது, அம்பு எய்த பிறகு இலக்கை வரைவது போன்றது.

இப்போது ஒரு சிறு விபத்தைச் சேர்ப்போம். 31 மூட்டை எடுத்த சிறு விவசாயியின் கணக்கில், இரண்டு போகத்தையும் சேர்த்து 60 என்று எழுதிவிட்டார் கணக்கெடுக்க வந்தவர். சிறு விவசாயிகளின் சராசரி 33.2 ஆகிறது, வித்தியாசம் 3.8இலிருந்து 9.6ஆக உயர்கிறது. டி மதிப்பும் உயரும் என்றுதான் மனம் எதிர்பார்க்கும். அது 1.39ஆகக் குறைகிறது. அந்த ஒற்றை எண் சராசரியைத் தூக்கியதைவிடச் சிதறலை அதிகமாகத் தூக்கிவிட்டது. தரவரிசைச் சோதனையில் அவர் முன்பும் பத்தாம் இடம், இப்போதும் பத்தாம் இடம், 36 அசையவில்லை. விளைச்சல், செலவு, கூலி போன்ற எண்களில் இப்படிப்பட்ட நீண்ட வால் எப்போதும் உண்டு. உற்பத்தித் திறனை ஒப்பிடுபவர்கள் தரவரிசைச் சோதனையை விரும்புவதன் காரணம் இதுதான். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு: யார் முன்னே என்று சொல்லும், எத்தனை மூட்டை முன்னே என்று சொல்லாது. உச்சவரம்பை யோசிக்கும் ஓர் அரசுக்கு எத்தனை மூட்டை என்பதுதான் வேண்டும்.

இவ்வளவும் தனித்தனி விவசாயிகளின் எண்கள் கையில் இருந்தால். பண்ணை மேலாண்மை ஆய்வுகளின் அறிக்கைகளிலிருந்து எல்லோரும் எடுத்தாண்டவை அளவு வகுப்புகளின் சராசரிகள். இத்தனை ஏக்கர் முதல் இத்தனை ஏக்கர் வரை ஒரு வகுப்பு, அதற்கு ஒரு சராசரி. அடுத்த வகுப்பு, அடுத்த சராசரி. விரல்விட்டு எண்ணக்கூடிய புள்ளிகளைத் தாளில் குறித்தால் கோடு போட்டது போல் இறங்கும். அந்தக் கோட்டின் அழகு சந்தேகத்துக்குரியது. சராசரி எடுத்தபோதே வகுப்புக்குள் இருந்த சிதறல் முழுவதும் மறைந்துவிட்டது. மிச்சமிருக்கும் தொடர்பு உண்மையில் இருப்பதைவிட வலுவாகத் தோன்றும். பொருளியலாளர் அசோக் ருத்ரா 1968இல் இதைத்தான் பிடித்தார். வகுப்புச் சராசரிகளை விட்டுவிட்டுக் கிராமம் கிராமமாகத் தனித்தனிப் பண்ணைகளை எடுத்துப் பார்த்தார். பல கிராமங்களில் நிலத்தின் அளவுக்கும் ஏக்கர் விளைச்சலுக்கும் சொல்லத்தக்க தொடர்பே தென்படவில்லை.

ருத்ராவின் ஐயம் என்னை நெடுநாள் பிடித்து வைத்திருக்கிறது, காரணம் கொங்கு நாட்டு நிலத்தை நினைத்தால் அது உடனே விளங்குகிறது. அங்கே தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனம் உள்ள நிலம். காடு என்றால் வானம் பார்த்த மானாவாரி. ஐந்து ஏக்கர் தோட்டம் வைத்திருப்பவர் மஞ்சளும் கரும்பும் வாழையும் பார்ப்பார். இருபது ஏக்கர் காடு வைத்திருப்பவர் சோளமும் நிலக்கடலையும் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருப்பார். நீர் உள்ள மண்ணில் நிலம் துண்டுபடுகிறது, நெருக்கமாகக் குடும்பங்கள் வாழ்கின்றன. வறண்ட மண்ணில் நிலம் விரிந்து கிடக்கிறது. இரண்டையும் ஒரே மாவட்டச் சராசரிக்குள் போட்டால், சிறியதன் பெருமை என்று நாம் எழுதுவது உண்மையில் கிணற்றின் பெருமையாக இருக்கலாம். சூர்ஜித் பல்லாவும் பிரணாய் ராயும் 1988இல் இந்தியத் தரவில் மண்ணின் தரத்தையும் கணக்கில் சேர்த்தபோது அந்த எதிர்மறைத் தொடர்பு பல இடங்களில் தளர்ந்தது.

மண்ணின் வித்தியாசம் குழுக்களின் வித்தியாசம் போலத் தோன்றலாம் என்பது கோசெட்டுக்குத் தெரிந்திருந்தது. 1908 கட்டுரையிலேயே ஒரு பார்லி எடுத்துக்காட்டு இருக்கிறது: சூளையில் உலர்த்திய விதை, உலர்த்தாத விதை, 11 இணைகள். ஒவ்வோர் இணையும் அடுத்தடுத்த நிலம், ஒரே பருவம். இரண்டு பெருங்கூட்டங்களின் சராசரியை ஒப்பிடாமல், ஒரே மண்ணில் ஒரே மழையில் நின்ற இருவரின் வித்தியாசத்தை எடுப்பது அவர் வழி. ஒரே கிணற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் சிறிய பங்காளியையும் பெரிய பங்காளியையும் இணையாக்கினால் அதேதான். ஆனால் விதையை நாம் நினைத்த நிலத்தில் போடலாம். நிலத்தை நினைத்த ஆளுக்குக் கொடுக்க முடியாது. ஆகவே இணை தேடுவது எப்போதும் பாதி வெற்றிதான்.

1971இல் பொருளியலாளர்கள் லாவும் யோட்டோபோலஸும் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் வேறொரு பாதை போட்டார்கள். கட்டுரைத் தலைப்பிலேயே இந்திய வேளாண்மை இருக்கிறது. அவர்கள் எடுத்ததும் அதே பண்ணை மேலாண்மைத் தரவுதான். விளைச்சலா லாபமா என்ற சண்டைக்குள் போகாமல் அவர்கள் இப்படிக் கேட்டார்கள்: ஒரே கூலி விகிதம், ஒரே அளவு நிலம், ஒரே மூலதனம் என்று வைத்துக்கொண்டால், எந்தக் குழு அதிக லாபத்தை எட்டுகிறது? லாபத்தின் மடக்கையைக் கூலி, நிலம், மூலதனம் ஆகியவற்றோடு தொடர்புபடுத்தி, அதில் பெரிய பண்ணை என்பதற்கு ஓர் அடையாள மாறி சேர்த்தார்கள். அந்த மாறியின் கெழு பூச்சியம் என்பது இன்மைக் கருதுகோள். அது நிராகரிக்கப்பட்டது, 10 ஏக்கருக்குக் கீழ்ப்பட்ட பண்ணைகளே பொருளாதாரத் திறனில் மேல் என்று வந்தது. சென்னின் இரண்டாவது செய்தியோடு இது மோதுவதாகத் தோன்றலாம். சென் சொன்னது மொத்தத்தில் லாபம் எப்படி நகர்கிறது என்று. இவர்கள் கேட்டது சூழலைச் சமமாக்கிய பிறகு என்ன மிஞ்சுகிறது என்று.

மூன்றாண்டு கழித்து, பசுமைப் புரட்சியின் நடுவில், பஞ்சாப் கோதுமை விவசாயிகளிடம் சித்து இதே சோதனையைச் செய்தார். சிறிய பண்ணைக்கும் பெரிய பண்ணைக்கும் வித்தியாசம் தென்படவில்லை. டிராக்டர் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் கூட வித்தியாசம் தென்படவில்லை. இங்கே நின்று ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். வித்தியாசம் தென்படவில்லை என்பது வித்தியாசம் இல்லை என்பதாகாது. கருதுகோளை நிராகரிக்கப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை என்று மட்டுமே சோதனை சொல்கிறது. தரவு சிறியதாக, சிதறல் பெரியதாக இருந்தால் பெரிய வித்தியாசமும் கண்ணில் படாது. இரு குழுக்களும் சமம் என்று உரிமை கோர வேண்டுமானால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: ஏக்கருக்கு இத்தனை மூட்டைக்குக் குறைவான வித்தியாசம் பொருட்படுத்தத் தக்கதல்ல என்று முன்பே வரம்பு வைத்து, உண்மை வித்தியாசம் அதற்குள் அடங்குகிறது என்பதை நிறுவ வேண்டும். இதைச் செய்யாமலே சமம் என்று எழுதிய ஆய்வேடுகள் ஏராளம். அவற்றை நம்பி எடுத்த முடிவுகளின் பாரம் யாராவது ஒரு விவசாயியின் தலையில்தான் இறங்குகிறது.

இன்று வேளாண் பொருளாதாரத்தில் ஆய்வு செய்யும் மாணவர்கள் பெரும்பாலும் வேறொரு வாசலால் உள்ளே வருகிறார்கள்: எல்லைக்கோடு. மைக்கேல் ஃபேரல் 1957இல் தொடங்கி வைத்த எண்ணம் இது. ஒருவரின் திறனைச் சராசரியோடு ஒப்பிடாமல், அதே உரம், அதே ஆள், அதே நீர் வைத்து எட்டக்கூடிய மிக உயர்ந்த விளைச்சலோடு ஒப்பிடுவது. சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் மூவரும் 1978இல் இதற்கு நேரியல் திட்டமிடல் வழிமுறை தந்தார்கள். ஒவ்வொரு பண்ணைக்கும் பூச்சியத்திலிருந்து ஒன்று வரை ஒரு மதிப்பெண் வரும். எல்லையில் நிற்பவருக்கு 1; 0.8 பெற்றவர் இப்போது செலவிடுவதில் ஐந்தில் நான்கு பங்கைக் கொண்டே அதே விளைச்சலை எடுத்திருக்கலாம் என்று பொருள்.

மதிப்பெண் வந்தவுடன் சிறியவர்களின் மதிப்பெண்களையும் பெரியவர்களின் மதிப்பெண்களையும் டி சோதனையில் போட்டுவிடக் கை துடிக்கும். பொறுக்க வேண்டும். டி சோதனைக்கு ஒவ்வோர் எண்ணும் மற்றதைச் சாராமல் வந்திருக்க வேண்டும். இங்கே ஒருவரின் மதிப்பெண் எல்லையில் நிற்கும் சிலரை வைத்தே கணக்கிடப்படுகிறது. அந்தச் சிலரில் ஒருவரின் கணக்கில் நம் 60 மூட்டை போன்ற பிழை புகுந்துவிட்டால், அவரோடு ஒப்பிடப்பட்ட அத்தனை பேரின் மதிப்பெண்ணும் சேர்ந்து விழும். ராஜீவ் பங்கர் 1993இல் இதற்கு ஓர் அடித்தளம் போட்டார். தரவு பெருகப் பெருக இந்த மதிப்பீடு உண்மை எல்லையை நெருங்கும் என்று காட்டி, குழுக்களின் திறனின்மைகளை விகிதமாக்கி எஃப் சோதனை செய்யும் வழியைத் தந்தார். திறனின்மை அடுக்குக்குறிப் பரவலில் இருப்பதாகக் கொண்டால் ஒரு சூத்திரம், அரை இயல்நிலைப் பரவல் என்றால் இன்னொன்று. சிமாரும் வில்சனும் 2007இல் இன்னும் கண்டிப்பாக இருந்தார்கள்: மதிப்பெண்ணை முதலில் கணக்கிட்டு, அதைப் பிறகு சாதாரணத் தொடர்புப்போக்கில் போடுவது தவறான நம்பிக்கை எல்லைகளைத் தரும், மீள்மாதிரி எடுப்பு வேண்டும் என்றார்கள்.

இதில் அதிகம் பேசப்படாத இன்னொரு குழி உண்டு. சிறியவர்களுக்குத் தனி எல்லை, பெரியவர்களுக்குத் தனி எல்லை போட்டு இரு சராசரி மதிப்பெண்களை ஒப்பிடுகிறார்கள். நூறு பேர் ஓடும் பந்தயத்தில் முதலில் வருபவர் பத்துப் பேர் ஓடும் பந்தயத்தில் முதலில் வருபவரைவிட வேகமாக இருப்பார் என்று எதிர்பார்க்கலாம். ஆள் அதிகமான குழுவில் எல்லை உயரே போகும். மற்றவர்கள் அதிலிருந்து தொலைவில் நிற்பார்கள். குழுவின் சராசரி மதிப்பெண் குறையும். 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஒரு கைப்பற்று நிலத்தின் சராசரி 1.08 ஹெக்டேர், தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர். பெரும்பாலான மாதிரிகளில் சிறு விவசாயிகளே கூட்டமாக இருப்பார்கள். திறமையில் எந்த வித்தியாசமும் இல்லாமலே, வெறும் எண்ணிக்கையால் அவர்கள் திறன் குறைந்தவர்களாகத் தாளில் தெரிவார்கள்.

தனி எல்லை போடுவதே தவறு என்று இதற்குப் பொருளில்லை. சார்ன்ஸ் குழுவினர் 1981இல் அமெரிக்காவின் 'ஃபாலோ த்ரூ' பள்ளித் திட்டத்தை அதைக் கொண்டே ஆராய்ந்தார்கள். மொத்தம் 70 இடங்கள். 49 திட்டத்துக்குள், 21 வெளியே. முதலில் ஒவ்வொரு பள்ளியையும் அதன் குழுவின் எல்லையோடு ஒப்பிட்டு, நிர்வாகக் கோளாறால் பின்தங்கியதை நேராக்கினார்கள். பிறகு நேராக்கிய எண்களை ஒன்றாகப் போட்டு, திட்டத்தையும் திட்டமின்மையையும் ஒப்பிட்டார்கள். பிராக்கெட்டும் கோலனியும் 1996இல் அந்த இரண்டாம் படிக்கு மான்–விட்னி தரவரிசையைக் கொண்டு வந்தார்கள். நம் வழக்குக்கு இது மிகப் பொருத்தம். சிறு விவசாயி தன் வாய்ப்புக்குள் நன்றாகச் செய்யவில்லையா? அல்லது அவர் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் எட்டக்கூடிய உயரமே குறைவா? முதலாவதுக்கு மருந்து பயிற்சியும் தகவலும். இரண்டாவதுக்குக் கடனும் நீரும் நிலமும். ஒரே மதிப்பெண்ணில் இரண்டையும் குழைத்துவிட்டால் தவறான மருந்துதான் போகும்.

மாதிரியின் எண்ணிக்கை பற்றி ஒன்று. பத்துக் கிராமங்களில் ஊருக்கு இருபது பேராக 200 விவசாயிகளைக் கேட்டுவிட்டு 200 தனித்தனிச் சாட்சிகள் என்று எண்ணக்கூடாது. ஒரே மதகில் நீர் வாங்குகிறவர்களுக்கு ஒரே நல்ல ஆண்டு, ஒரே கெட்ட ஆண்டு. ஒரே ஊர்க்காரர்களின் விளைச்சல்களுக்கு இடையிலான ஒட்டுறவு 0.2 என்று வைத்தால், அந்த 200 பேரும் ஏறக்குறைய 42 தனிச் சாட்சிகளுக்குத்தான் சமம்.

இனி அளவை. இங்குதான் இந்த வழக்கு எனக்கு மிகவும் வலிக்கும் இடத்துக்கு வருகிறது. ஏக்கர் விளைச்சல் என்பது மூட்டையை ஏக்கரால் வகுப்பது. 5.5 ஏக்கரில் 132 மூட்டை எடுத்தவருக்கு ஏக்கருக்கு 24. அவரிடம் நிலம் எவ்வளவு என்று கேட்டபோது உத்தேசமாக 4.8 என்று சொன்னார் என்று வையுங்கள். 5 ஏக்கர் வரம்பு என்றால் அவர் சிறு விவசாயி ஆகிவிட்டார். கூடவே விளைச்சல் 27.5 ஆகிவிட்டது. ஒரே பிழை அவரைக் குழு மாற்றி, அந்தக் குழுவுக்கு அதிக விளைச்சலையும் கொடுத்துவிட்டது. இப்படிப்பட்ட பிழைகள் குவிந்தாலே, உண்மையில் எதுவும் இல்லாத இடத்தில் எதிர்மறைத் தொடர்பு முளைக்கும். எந்த டி சோதனையும் எந்தத் தரவரிசையும் இதைப் பார்க்காது.

உகாண்டாவில் செயற்கைக்கோள் கருவி கொண்டு நிலத்தை அளந்த ஆய்வு 2013இல் வந்தது. நிலப் பிழையைத் திருத்தினால் தொடர்பு மறைந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு வியப்பு: திருத்திய பின் அது இன்னும் வலுத்தது. அடுத்துப் பார்வை மூட்டைக்குத் திரும்பியது. எத்தியோப்பியாவில் 2018இலும் உகாண்டாவில் 2019இலும் வெளிவந்த ஆய்வுகள், விவசாயி வாயால் சொன்ன விளைச்சலையும் வயலில் அறுவடை செய்து எடை போட்ட விளைச்சலையும் ஒப்பிட்டன. சொன்ன எண்ணில் எதிர்மறைத் தொடர்பு இருந்தது. எடை போட்ட எண்ணில் அது இல்லை.

வயலில் அறுத்து எடை போடுவது நமக்குப் புதிதல்ல. பயிர் அறுவடைப் பரிசோதனை என்று வருவாய்த் துறையும் புள்ளியியல் துறையும் செய்வது அதுதான். நெல் வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டி, கதிரறுத்து, அடித்து, நிறுக்கிறார்கள். பயிர்க் காப்பீட்டு இழப்பீடு பெரும்பாலும் அந்த எடையில் நிற்கிறது. எத்தனை பெரிய துண்டு அறுக்க வேண்டும் என்பதே 1940களில் பெரிய விவாதம். புள்ளியியலாளர் மகலனோபிஸ் சில அடி ஆரமுள்ள சிறு வட்டங்களை விரும்பினார்; விரைவாக, பல இடங்களில் எடுக்கலாம். பி.வி. சுகாத்மே மறுத்தார். சிறு துண்டில் விளைச்சல் உண்மையைவிடக் கூடுதலாக வருகிறது என்று 1946இல் 'நேச்சர்' இதழில் காட்டினார். எல்லைக் கயிற்றின் மேல் நிற்கும் நெற்குத்து உள்ளேயா வெளியேயா என்று ஐயம் வந்தால் அறுப்பவரின் அரிவாள் உள்ளே இழுக்கிறது. இரண்டடி ஆர வட்டத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு மூன்று மீட்டருக்கு மேல் விளிம்பு. ஐந்து மீட்டர் சதுரத்தில் அது 0.8 மீட்டர்தான். விளிம்பு கூடினால் ஐயம் கூடும், ஐயம் கூடினால் எடை கூடும்.

2020இல் பெவிஸும் பாரெட்டும் உகாண்டாத் தரவிலிருந்து அந்த விளிம்பையே வேறு விதமாகப் பார்த்தார்கள். வயலின் ஓரத்தில் நிற்கும் பயிர் நடுவில் நிற்பதைவிட உண்மையிலேயே அதிகம் விளைகிறது என்றார்கள். நம் ஊர் வயலில் வரப்போரத்து நெல்லைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது: ஒரு பக்கம் போட்டிக்கு ஆளில்லை, வெயில் கூடுதல், வரப்பில் நடக்கும் கண்ணும் கையும் அங்கேதான் முதலில் படும். சிறு வயலுக்குப் பரப்பை ஒட்டி ஓரம் அதிகம். சிறு நிலத்தின் கூடுதல் விளைச்சலில் பெரும்பங்கு இந்த ஓரத்திலிருந்தே வருகிறது என்பது அவர்கள் வாதம். சுகாத்மே அளவைப் பிழை என்று எச்சரித்த விளிம்பு இங்கே விளைச்சலின் காரணமாகிறது. ஒரு வயலில் அது பிழையா காரணமா என்பதை அறிய, ஓரத்தையும் நடுவையும் தனித்தனியாக அறுத்து நிறுக்க வேண்டும். அந்த இரண்டு எடைகளையும் இணையாக வைத்து, கோசெட் பார்லிக்குச் செய்ததை நெல்லுக்குச் செய்ய வேண்டும்.